பெருமாள் கற்றுத்தரும் சாத்துப்படி

பொங்கலுக்கு மறுநாள் திருமுக்கூடலில் ஐந்து பெருமாள்களை ஒருசேரச் சேவிக்காத அன்பர்கள் எங்கள் பகுதியில் மிகச் சிலரே இருப்பர். பார்வேட்டை உற்சவத்துக்காகக் காஞ்சி வரதர் பழையசீவரம் குன்றுக்கு எழுந்தருள்கிறார். அங்குள்ள லட்சுமி நரசிம்மரும் உடன்வர, எதிர்க்கரையில் பாலாறு, செய்யாறு, வேகவதி என்னும் மூன்று ஆறுகளும் கூடுகின்ற திருமுக்கூடலை அடைகிறார். அத்தலத்து அப்பன் வெங்கடேசப் பெருமாள், காவாந்தண்டலம் லட்சுமி நாராயணப் பெருமாள், எங்கள் சாலவாக்கம் சீனிவாசப் பெருமாள் ஆகியோரும் எழுந்தருளி நிற்கும் அந்தச் சில நாழிகைக்காகவே ஆண்டு முழுவதும் காத்திருக்கும் முதியவர்கள் எங்கள் ஊரில் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் என் தமக்கையாரை அந்த உற்சவத்துக்கு அழைத்துச் சென்றேன். அவருக்கு அப்போது எழுபது வயது நிறைந்திருந்தது. எங்கள் தாயார் அளித்த எட்டுச் சவரன் இரட்டை வடச் சங்கிலியை அணிந்து புறப்பட்டார். "அக்கா, கூட்டம் அதிகம். இது வேண்டாமே" என்றேன். "நாலு ஊர் சனம் வரும் தம்பி. கழுத்து வெறிச்சுனு போனா, அடகு வெச்சுட்டா போலிருக்குன்னு பேசுவாங்க" என்றார். வங்கியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நகைக் கடன்களைக் கண்டவன் நான். அந்த அச்சம் எத்தனை வீடுகளில் குடியிருக்கிறது என்பதை அறிந்தவன். ஆதலால் மேலும் வற்புறுத்தவில்லை.

சங்கிலிக்கு ஒன்றும் நேரவில்லை. பத்திரமாக வீடு வந்து சேர்ந்தது. ஆனால் இரவு திண்ணையில் அமர்ந்து தமக்கையார் சொன்ன சொல் இன்றும் என் நெஞ்சில் இருக்கிறது. "பெருமாள் எப்ப வந்தாரு, எப்ப திரும்பினாருன்னே தெரியலை தம்பி. ரெண்டு கையாலயும் கழுத்தைப் பிடிச்சுக்கிட்டே நின்னேன். கை கூப்பவே இல்லை."

அணிகலன் பத்திரமாகத் திரும்பியது, சேவைதான் தொலைந்துபோயிற்று. எழுபது வயதுக்கு மேல் இத்தகைய நாள்கள் இன்னும் எத்தனை வாய்க்கும்? அன்றிலிருந்து, நாம் உடலில் அணிவதையும் கையில் எடுத்துச் செல்வதையும் குறித்துச் சிந்திக்கத் தொடங்கினேன். அவ்வாறு சிந்தித்தவற்றையும், பட்டறிந்தவற்றையும், பணிக்காலத்தில் கற்றவற்றையும் அன்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெருமாளும் எல்லா நாளும் எல்லாவற்றையும் அணிவதில்லை

நாள்தோறும் திருக்கோயிலுக்குச் செல்லும் நாம் ஒன்றைக் கண்டும் எண்ணிப் பார்க்காமல் இருக்கிறோம். எம்பெருமானின் திருவாபரணங்கள் எண்ணிறந்தவை. ஆயினும் எல்லாம் எல்லா நாளும் சாத்தப்படுவதில்லை. திருமஞ்சனத்தின்போது நகைகள் களையப்பட்டு எளிய ஆடையுடன் காட்சி தருகிறார். அன்றாட வழிபாட்டுக்கு ஒருவகைச் சாத்துப்படி. கருட சேவைக்கு வேறொரு வகை. காஞ்சி வரதருக்கு ராபர்ட் கிளைவ் சமர்ப்பித்ததாகச் சொல்லப்படும் மகரகண்டியும் குறித்த உற்சவங்களுக்கே கருவூலத்திலிருந்து வெளிவருகிறது. உற்சவம் முடிந்ததும் பதிவேட்டைப் பார்த்துச் சரிபார்த்துத் திரும்பவும் உள்ளே வைக்கப்படுகிறது.

இதில் மூன்று பாடங்கள் அடங்கியிருக்கின்றன. நாளுக்கும் இடத்துக்கும் ஏற்றதைத் தேர்ந்தெடுத்தல் முதலாவது. அணிவது திருமேனிக்கு இசைவாகவும் நழுவாதபடியும் இருக்கப் பார்த்துச் சாத்துதல் இரண்டாவது. பயன்படுத்தியதைக் கணக்குடன் உரிய இடத்தில் திருப்பி வைத்தல் மூன்றாவது. அழகும் பயனும் பாதுகாப்பும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதைச் சாத்துப்படி செய்யும் பட்டாச்சாரியார் நமக்கு நாள்தோறும் காட்டிக்கொண்டிருக்கிறார். அந்த மூன்று பாடங்களையும் நம் கழுத்துக்கும் காதுக்கும் கைக்கும் காலுக்கும் பொருத்திப் பார்ப்போம்.

கழுத்தும் காதும்

பெருங்கூட்டம் கூடும் நாளுக்கு மெல்லிய சங்கிலி ஒன்றே போதுமானது. அதையும் புடவைத் தலைப்புக்குள்ளே அமையுமாறு அணிந்து, தோள்பக்கம் ஓர் ஊசியால் தலைப்பைப் பிணைத்துவிட்டால் கைகள் இரண்டும் கூப்புவதற்கு விடுதலை பெறும். தாலிக்கொடி அணிந்திருக்கும் சுமங்கலிகள், அதைக் கழற்றுவது எவ்வாறு எனத் தயங்குவது இயல்பே. திருமண நாளில் மணமகன் கட்டியது மஞ்சள் சரடுதானே? பொன்கொடியில் கோப்பது பின்னர் வந்த வழக்கம். வீட்டு மூத்த சுமங்கலியைக் கொண்டு நல்ல நாளில் திருமாங்கல்யத்தை மஞ்சள் சரடுக்கு மாற்றிக்கொள்வது மங்கலத்துக்குக் குறைவாகாது. புதுச் சரடு அணிந்த கழுத்துக்குத் தனி அழகும் உண்டு.

எந்தச் சங்கிலியாயினும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பொற்கொல்லரிடம் காட்ட வேண்டும். நாள்தோறும் உராய்வதால் வளையங்கள் தேய்ந்து மெலிகின்றன. கொக்கி வாய் விரிந்துவிடுகிறது. திருட்டால் தொலைந்த நகைகளைப் போலவே, கொக்கி அறுந்து விழுந்ததை அறியாமல் தொலைத்த நகைகளும் பல. வங்கியில் அடகுக்கு வரும் பழைய சங்கிலிகளை மதிப்பீட்டாளர் தூக்கிப் பார்க்கும்போதே, "இது இன்னும் ஆறு மாதம்கூடத் தாங்காது அம்மா" என்று எச்சரித்ததைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

காதணியில் நம் முன்னோரின் அறிவுக்கூர்மைக்கு ஒரு சான்று மாட்டல். கனமான தோடும் ஜிமிக்கியும் காதுமடலை இழுத்துத் துளையை நீளச் செய்யும். அந்தச் சுமையைக் காதின் மேற்பகுதிக்கும் கூந்தலுக்கும் பகிர்ந்தளிப்பதே மாட்டலின் வேலை. பார்ப்பவர்க்கு அழகு, அணிபவர்க்கு ஆறுதல். வயது ஏற ஏற மடலின் தசை மெலிவதால், முதியவர்கள் கனமான தோட்டை அன்றாடம் அணியாமல் விசேட நாளுக்கு மட்டும், அதுவும் மாட்டலுடன் அணிவது நலம். துளை நீண்டு அறுபடும் நிலையில் இருந்தால் மருத்துவரிடம் காட்டித் தைத்துக்கொள்ளலாம். தோட்டின் திருகாணியை இரவில் தளர்த்திக் காலையில் முடுக்கும் பழக்கம் உடையவர்கள், குளியலறையில் அதைச் செய்யாமல் ஒரு தட்டின் மேல் கையை வைத்துச் செய்தால் திருகாணி தொலையாது.

கையும் காலும்

ஈமச் சடங்கிலும் தர்ப்பணத்திலும் மோதிர விரலில் அணியும் தர்ப்பைப் பவித்திரத்தை நினைத்துப் பாருங்கள். காரியம் முடிந்தவுடன் முடிச்சை அவிழ்த்துக் களைந்துவிடுகிறோம். பொன் மோதிரத்தையோ ஒருமுறை அணிந்தால் ஆண்டுக்கணக்கில் கழற்றுவதில்லை. வயதானால் விரற்கணு பருக்கிறது. சிலருக்கு நீர் கோத்துக் கை வீங்குகிறது. இருபத்தைந்து ஆண்டுகள் கழற்றாத என் கல்யாண மோதிரம், கையில் சிறு அடி பட்டு வீங்கிய ஒரு நாளில் விரலை நெரித்தது. கையை உயர்த்திப் பிடித்து, குளிர்ந்த நீரில் வைத்து, சோப்பு தடவித் திருகியும் வரவில்லை. இறுதியில் மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியதாயிற்று. விரல் தப்பியது. நீலம் பாரித்து மரத்துப்போகும் வரை காத்திருந்தால் விரலுக்கே ஆபத்து என்று மருத்துவர் கடிந்துகொண்டார். வெட்டிய மோதிரத்தை ஓர் அளவு பெரிதாக்கி மீண்டும் அணிந்திருக்கிறேன். வாரத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்த்துக்கொள்கிறேன். எளிதாகக் கழலும் மோதிரமே முதியவர்க்கு ஏற்ற மோதிரம்.

மெட்டிக்கும் இதே விதி. நீரிழிவு உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைவதால், மெட்டி அழுத்திப் புண்ணானாலும் தெரிவதில்லை. இரவுதோறும் கால்விரல் இடுக்குகளைப் பார்ப்பது, மெட்டியைச் சற்றுத் தளர்த்தி அணிவது, புண் ஏற்பட்டால் ஆறும்வரை கழற்றி வைப்பது ஆகிய மூன்றும் கட்டாயம். உடலைப் பேணுவதற்காக மெட்டியைச் சில நாள் கழற்றுவதை எந்தத் தாயாரும் குற்றமாகக் கொள்ள மாட்டார்.

கண்ணாடி வளையல்கள் அழகும் மங்கலமும் தருபவை. நெரிசலில் உடைந்து கையைக் கிழிக்கும் என்பதால், உற்சவ நாளில் இரண்டொரு கண்ணாடி வளையலுக்கு இருபுறமும் உலோக வளையல் அணிவது பழைய வழக்கம். அதுவும் காரணம் கருதிய வழக்கமே. கொலுசில் முத்துகள் புடவைக் கரையில் மாட்டி இழுத்தால் படியில் தடுமாற நேரும். முதியவர்க்கு முத்தில்லாத பட்டைக் கொலுசு ஏற்றது.

துளசி மணி மாலை, ருத்திராட்ச மாலை அணியும் அன்பர்கள் மணியைப் போற்றுமளவு நூலைப் போற்றுவதில்லை. வியர்வையும் நீரும் பட்டு நூல் உள்ளுக்குள் இற்றுவிடும். நடுவழியில் அறுந்தால் மணிகள் மிதிபடும். ஆண்டுக்கு ஒருமுறை, மணிக்கு மணி முடிச்சிட்டுப் புதிதாகக் கோத்துக்கொள்ள வேண்டும். முடிச்சிட்டுக் கோத்த மாலை அறுந்தாலும் ஒரு மணிக்கு மேல் உதிராது.

உரைகல்லின் ஊர்

எங்கள் சாலவாக்கத்துக்கு அருகிலுள்ள உத்திரமேரூரைக் குடவோலைத் தேர்தலுக்காக உலகம் அறியும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வைகுண்டப் பெருமாள் கோயிலில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் அவை. அவற்றில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் ஆகியவற்றுடன் பொன் வாரியம் என ஒன்றும் இருந்தது. பொன்னின் தரம் பார்க்கும் பணிக்கென ஓர் ஊர்க்குழு, அதற்கும் குடவோலை வழியே ஆள் தேர்வு, கணக்குக் காட்டாதவர்க்கு மீண்டும் இடமில்லை என்ற விதி! ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பொன்னைக் குறித்து இத்தனை விழிப்புடன் இருந்த மண்ணில் வாழும் நாம், இன்று நகை வாங்குகையில் அந்த விழிப்பைக் கைவிடலாகாது.

சவரன் என்பது 8 கிராம். 22 காரட் பொன்னில் ஆயிரத்தில் 916 பங்கு தூய தங்கம். எஞ்சியது செம்பு முதலிய கலப்பு. நகைக் கடையில் விற்கப்படும் ஹால்மார்க் நகையில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை, தூய்மை எண், 6 எழுத்து எண் கலந்த தனிக் குறியீடு ஆகிய மூன்றும் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். இக்குறியீடு 1-4-2023 முதல் கட்டாயமாக்கப்பட்டது. கைப்பேசியில் பி.ஐ.எஸ். கேர் என்னும் செயலியில் அந்தக் குறியீட்டை இட்டுப் பேரப்பிள்ளைகள் நொடியில் சரிபார்த்துச் சொல்லிவிடுவர். நம் வீட்டுப் பழைய நகைகளில் இக்குறி இல்லையே என்று அஞ்ச வேண்டாம். இது கடைக்காரர் விற்கும் நகைக்கான விதி. பாட்டியின் காசுமாலையை வைத்திருக்கவும் அணியவும் எந்தத் தடையும் இல்லை.

மற்றொன்று. கல் இழைத்த நகையும் அரக்கு நிரப்பிய நகையும் பார்வைக்குப் பருமனாக இருக்கும். அடகு வைக்கும் நாளிலோ விற்கும் நாளிலோ கல்லின் எடையும் அரக்கின் எடையும் கழிக்கப்பட்டே மதிப்பிடப்படும். இது தெரியாமல் வந்து, எதிர்பார்த்த தொகை கிட்டாமல் கண்கலங்கி நின்ற தாய்மார்களைக் கண்டிருக்கிறேன். ஆகையால் வாங்கும்போதே ரசீதில் மொத்த எடையும் தங்கத்தின் நிகர எடையும் தனித்தனியே எழுதப்பட்டிருக்கின்றனவா எனப் பாருங்கள்.

அடகைப் பற்றிப் பேசியதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நான் பணியாற்றிய ஒரு கிளையில், தைப் பொங்கலுக்கு முந்தைய வாரம் மூதாட்டி ஒருவர் வந்தார். பேத்தியின் படிப்புக்காக வளையல்களை அடகு வைத்திருந்தார். மீட்கப் பணமில்லை. "திருவிழா முடிஞ்சதும் கொண்டாந்து குடுத்துடறேன் சார், ரெண்டு நாள் மட்டும்" என்றார். விதி இடந்தரவில்லை. வெறுங்கையுடன் திரும்பிய அவர், அந்த ஆண்டு கோயிலுக்கே போகவில்லை என்பதைப் பின்னர் வட்டி கட்ட வந்தபோது சொன்னார். பேத்தியின் கல்வியைவிடச் சிறந்த அணிகலன் எது? அதை அணிந்திருந்தும் வெறுங்கை என நாணி வீட்டிலிருந்தார் அந்தத் தாய். நம் வாய்ச்சொல்லுக்கு அஞ்சியே ஒருவர் எம்பெருமானைச் சேவிக்காமல் போகிறார் என்றால், அப்பழி நம்மைச் சேரும். பிறர் கழுத்தையும் கையையும் அளந்து பேசும் பழக்கத்தைக் கோயில் வாசலிலாவது நாம் விட்டுவிட வேண்டும்.

பையும் பாதுகையும்

நம் பாட்டிமார் இடுப்பில் செருகிய சுருக்குப் பைக்கு இணையான பணப்பையை எந்தக் கடையிலும் நான் கண்டதில்லை. கையில் தொங்காது, தோளிலிருந்து நழுவாது, பிறர் கைக்கு எட்டாது. இன்றும் உற்சவ நாளில் சில்லறை, பேருந்துக் கட்டணம், மாத்திரை ஆகியவற்றுக்குச் சுருக்குப் பையே சிறந்தது. புடவையின் நிறத்துக்கு இசையப் பட்டுத் துணியில் வீட்டிலேயே தைத்துக்கொள்ளலாம். பழைய பட்டுப் புடவையின் கிழிந்த பகுதியை நீக்கி, நல்ல சரிகைக் கரையை வாய்ப்பகுதியில் வைத்துத் தைத்தால் காண்போர் விலை கேட்பர்.

அர்ச்சனைப் பொருளும் பிரசாதமும் எடுத்துவர மஞ்சள் துணிப்பை இருக்கிறது. திருமண வீட்டுத் தாம்பூலப் பையாக நாம் அறிந்த அதையே, பிளாஸ்டிக் பையை ஒழிக்கும் பொருட்டு 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' எனத் தமிழக அரசு முன்னிறுத்தியது. முதியவர்கள் அதன் காதுகளை நீட்டித் தைத்து, ஒரு தோளிலிருந்து மறுபக்க இடுப்புக்கு வருமாறு குறுக்கே அணிந்தால் இரு கைகளும் ஓய்வாக இருக்கும். பையின் உள்ளே ஓர் அட்டையில் நம் பெயர், ஊர், பிள்ளைகளின் கைப்பேசி எண், உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றை எழுதி வையுங்கள். கூட்டத்தில் மயங்கினால் நமக்காக அந்த அட்டை பேசும்.

காலணி கோயில் வாசலில் விட வேண்டியது. எனவே குனிந்து கட்ட வேண்டிய காலணி நமக்கு உதவாது. எனினும் வெறும் வார்ச் செருப்பு மணலிலும் ஈரத்திலும் நழுவும். பின்புறப் பட்டையும், பற்றி இழுத்தால் ஒட்டிக்கொள்ளும் பட்டையும், பள்ளங்கள் கொண்ட அடிப்பகுதியும் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும்போது அளவு பார்த்து வாங்கினால் பின்னர் இறுக்காது. நூற்றுக்கணக்கான காலணிகளுக்கிடையே நம்முடையதைக் கண்டறிய, பட்டையில் ஒரு வண்ண நூலைக் கட்டிவிடலாம். பகலில் பிராகாரத்துக் கல் சுடும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்க்குக் கொப்புளம் எழுந்த பின்னரே தெரியும். அவர்கள் காலையிலோ மாலையிலோ சேவிக்கச் செல்வது நன்று.

இங்கே ஒரு எச்சரிக்கை. மகனின் வண்டியில் பின்னால் அமர்ந்து கோயிலுக்குச் செல்லும் தாய்மார்களே, முந்தானையை இடுப்பில் இறுகச் செருகிய பின்னரே வண்டியைக் கிளப்பச் சொல்லுங்கள். ஆடவர் அங்கவஸ்திரத்துக்கும் இது பொருந்தும். காற்றில் பறக்கும் துணி சக்கரத்தில் சிக்கினால் நொடிப்பொழுதில் உயிருக்கே கேடு.

கண்ணாடியும் கைத்தடியும்

படிக்கவும் தொலைவில் பார்க்கவும் ஒன்றாக அமைந்த இரட்டைப் பார்வைக் கண்ணாடியை நம்மில் பலர் அணிகிறோம். படி இறங்கும்போது அதன் கீழ்ப்பாதி வழியே நோக்கினால் படியின் விளிம்பு மங்கித் தெரியும். உத்திரமேரூர் சுந்தர வரதராஜப் பெருமாள் கோயிலில் மூன்று நிலைகளிலும் பெருமாள் எழுந்தருளியிருப்பதால் மேலே ஏறிச் சேவிக்க வேண்டும். அங்கே இறங்குகையில்தான் எனக்கு இது விளங்கியது. தலையை நன்றாகத் தாழ்த்திக் கண்ணாடியின் மேற்பகுதி வழியே படியைப் பார்த்து இறங்க வேண்டும். அடிக்கடி வெளியே செல்பவர் தூரப் பார்வைக்கு மட்டும் தனிக் கண்ணாடி ஒன்று வைத்துக்கொள்ளலாம். கண்ணாடிக்கு ஒரு கழுத்துக் கயிறு அணிந்தால், தீர்த்தம் கொள்ளவும் சடாரி பெறவும் குனியும்போது நழுவி விழாது.

கைத்தடியைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. ஏனெனில் அதை நெடுநாள் மறுத்தவன் நான். முழங்கால் வலி மிகுந்தும், தடி ஊன்றினால் கிழவன் என்பார்களே என நாணினேன். குடையையே தடிபோல் ஊன்றிச் சமாளித்தேன். ஒரு மழைநாளில் குடையின் கம்பி வளைந்து கோயில் படியில் விழுந்தேன். எலும்பு முறியவில்லை, ஆயினும் ஆறு வாரம் வீட்டைவிட்டு நகர முடியவில்லை. அந்த ஆண்டு வைகுண்ட ஏகாதசிக்கு என்னால் செல்ல இயலவில்லை. தமக்கையார் கழுத்துக்காக இழந்ததை நான் நாணத்துக்காக இழந்தேன்.

படுத்திருந்த அந்நாள்களில் நினைத்துக்கொண்டேன். ஔவைப் பிராட்டியைக் கைத்தடியின்றி எவரேனும் வடித்திருக்கிறார்களா? முதுமையை விரும்பி ஏற்ற அவருக்கு அத்தடியே அணிகலன். துறவியரின் திருக்கரத்துத் தண்டத்தைக் கண்டு நாம் கைகூப்புகிறோம். நம் கையிலுள்ள தடிக்கு மட்டும் ஏன் நாண வேண்டும்? உற்சவம் காணும் அதே திருமுக்கூடலில், வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையையும் அங்கிருந்த மருந்துகளையும் பட்டியலிடுகிறது. நோயுற்ற உடலைப் பேணுவதும் கோயிலின் கடமை என நம் முன்னோர் கருதினர் என்பதற்கு அது கல்லில் உள்ள சான்று.

தடி வாங்குவோர் கவனிக்க: காலணியுடன் நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிட்டால், மணிக்கட்டின் மடிப்பு இருக்கும் உயரமே தடியின் பிடிக்குரிய உயரம். வலது காலில் வலி என்றால் தடியை இடது கையில் பிடித்து, வலது காலுடன் சேர்த்து முன்வைக்க வேண்டும். பலர் இதை மாற்றிச் செய்கின்றனர். அடியிலுள்ள ரப்பர்க் குமிழ் தேய்ந்ததும் மாற்றிவிட வேண்டும். அழகாக இருக்க வேண்டும் என்ற ஆசையும் தவறன்று. வழவழப்பான நல்ல மரத்தில், நம் கைக்கு அடங்கும் பிடியுடன் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

கருவூலத்துக்குத் திருப்புதல்

இனி மூன்றாவது பாடம். திருவாபரணப் பதிவேடு போல ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நகைக் குறிப்பேடு இருத்தல் நன்று. நகையின் பெயர், எடை, வாங்கிய ஆண்டு, யார் கொடுத்தது, யாருக்குச் சேர வேண்டும் என்பவற்றை எழுதி, ஒளிப்படமும் எடுத்து வையுங்கள். உற்சவத்துக்கு அணிந்தவற்றைத் திரும்பி வந்த அன்றே எண்ணிப் பார்த்து வையுங்கள். களைப்பில் தலையணைக்கடியில் வைத்துத் தேடி அலைந்த வீடுகள் பல.

வங்கிப் பெட்டகத்தில் வைப்போர் இரண்டு செய்திகளை அறிய வேண்டும். ஒன்று, வாரிசு நியமனம் செய்திருக்கிறோமா என்பது. இல்லையெனில் நமக்குப் பின் பிள்ளைகள் அலைய நேரும். மற்றொன்று, தீ, திருட்டு, ஊழியர் மோசடி போன்றவற்றால் இழப்பு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரைதான். 1-1-2022 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதி இது. வாடகை 2,000 ரூபாய் என்றால் உச்ச வரம்பு 2,00,000 ரூபாய். அதற்கு மேற்பட்ட மதிப்புள்ள நகைக்குத் தனியே காப்பீடு பற்றி விசாரிக்கலாம்.

யாருக்கு எந்த நகை என்பதை நாம் கண்மூடிய பின் பிள்ளைகள் பேசிப் பிணங்குவதைவிட, கண் திறந்திருக்கும்போதே நாமே சொல்லிவிடுவது சிறப்பு. சிலவற்றை நம் கையாலேயே அணிவித்து மகிழ்வது அதனினும் சிறப்பு.

என் தமக்கையார் அதைத்தான் செய்தார். மறு ஆண்டு பொங்கலன்று, எட்டுச் சவரன் சங்கிலியைப் பேத்தியின் கழுத்தில் தம் கையாலேயே இட்டார். மறுநாள் உற்சவத்துக்குத் துளசி மணி மாலையும், திருமாங்கல்யம் கோத்த மஞ்சள் சரடும், மாம்பழ நிறப் பருத்திப் புடவையும், தாமே தைத்த பட்டுச் சுருக்குப் பையுமாக வந்து நின்றார். அந்த எளிய கோலத்தில் அவரை நான் கண்டதைவிட அழகாக என்றும் கண்டதில்லை. உறவினர் ஒருவர் வழியில், "சங்கிலி எங்கே?" என்று கேட்கத்தான் செய்தார். "பேத்தி கழுத்துல நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு முன்னே நடந்தார்.

ஐந்து பெருமாள்களும் எழுந்தருளியபோது என் இடக்கையில் தடி இருந்தது. வலக்கையை மட்டும் உயர்த்திச் சேவித்தேன். அருகில் திரும்பிப் பார்த்தேன். தமக்கையாரின் இரு கைகளும் தலைக்குமேல் கூப்பியிருந்தன. எங்கள் சாலவாக்கம் சீனிவாசப் பெருமாள் திரும்பும் வரை அவை கீழே இறங்கவே இல்லை.

அன்பர்கள் அடுத்த உற்சவத்துக்குப் புறப்படுமுன் கண்ணாடி முன் நின்று ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இவற்றை அணிந்துகொண்டு என்னால் இரு கைகளையும் கூப்ப முடியுமா? முடியும் என்றால், அதுவே நமக்கேற்ற சாத்துப்படி.